கோட்டுக்குப் போடும் பெல்ட்

டாயிலிடம் இரண்டு பெல்ட்டுகள் இருந்தன. மில்லுக்குப் போடுவது நல்ல அகலம், காளை மாட்டுத் தோல். ரிவால்வரைச் சுமந்து சுமந்து வலது இடுப்புப் பக்கம் மட்டும் வளைந்துபோயிருந்தது. இன்னொன்றை மகள் கல்யாணத்துக்குக் கோட்டோடு சேர்த்து வாங்கினான். கறுப்பு, பளபளப்பு, சுண்டு விரல் அகலம்.

மில்லில் கூட வேலை பார்த்த வெர்லினைப் புதைக்கிற அன்றைக்குக் கோட்டுப் போட வேண்டியிருந்தது. அதனால் மெல்லிசு பெல்ட்.

ரிவால்வர் பெரியதுமில்லை, சின்னதுமில்லை. நடுத்தரம், ஆறு தோட்டா. மேல்சட்டையை வெளியே விட்டால் மறைந்துவிடும், குனிந்தால் மட்டும் துருத்தும். அமெரிக்காவில், மிசௌரி மலைப்பக்கத்தில் ஓக் மரத்தை தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைகளாக அறுக்கிற மில் அது. அங்கே வேலை பார்த்த இளவட்டங்கள் சட்டைப் பையில் போடுகிற மாதிரி தட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். இடுப்பில் என்ன பெருசு, தண்ணீர்க் குழாயா என்று இவனைக் கேலி பண்ணுவார்கள். உங்களுடையது மரத்தூள் போனால் சிக்கிக்கொள்ளும், என்னுடையது மண்ணில் புதைத்து எடுத்தாலும் சுடும் என்பான் இவன். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்னால் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

அதால் அவன் யாரையும் சுட்டதில்லை. யாரை நோக்கியும் எடுத்ததில்லை. ஒரு தடவை வெறிநாய் ஒன்று வந்தது, இவன் சட்டையைத் தூக்கி எடுப்பதற்குள் அது போய்விட்டது. இருந்தாலும் எந்த வாசலைத் தாண்டினாலும் வலது முழங்கை தானாகப் போய் இடுப்பைத் தொட்டுப் பார்க்கும். மளிகைக் கடை, பேங்க், பல் டாக்டர், சர்ச், எங்கே போனாலும். காலையில் கால்சட்டை மாட்டுகிற மாதிரி அதையும் மாட்டுவான். எதற்கு என்று அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

வெர்லினும் அதே ரகம்தான் வைத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கினார்கள். வெர்லின் செத்தது அந்த ரிவால்வரால்தான். அவனே எடுத்தான், தன்னை நோக்கியே எடுத்தான்.

சவப்பெட்டி தூக்க ஆறு பேர், ஆறு பேரும் மில்காரர்கள். சவ அடக்கக் கூடத்தின் வாசலில் வெர்லினின் மனைவி டிரீவா நின்றிருந்தாள். புருஷனின் பெரிய கடிகாரத்தைத் தன் மெல்லிய மணிக்கட்டில் கட்டியிருந்தாள். அழவில்லை.

"வண்டியில வெச்சிட்டு வாங்க," என்றாள். "இன்னிக்கு மட்டும். அது அவன் பக்கத்துல வரக் கூடாது."

அது என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை. ஆறு பேரும் தலையாட்டிவிட்டு அவரவர் பிக்கப் வண்டிக்குப் போனார்கள். டாயிலும் போனான். டேஷ்போர்டைத் திறந்தான். கை இடுப்புக்குப் போனது, அங்கேயே நின்றது. பக்கத்து வண்டியில் ராய்ஸ் தன்னுடையதை உள்ளே வைத்துப் படாரென்று மூடினான். டாயிலும் தன் டேஷ்போர்டைப் படாரென்று மூடினான், உள்ளே எதுவும் வைக்காமல். கோட்டு மூடியிருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தான். வேறொன்றும் நினைக்கவில்லை.

கல்லறை சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் இருந்தது. முதல் நாள் மழை பெய்து களிமண் வழுக்கியது. டாயில் பெட்டிக்கு இடது பக்கம், நடு ஆள். வலது கையில் கைப்பிடி. பெட்டி அவன் வலது இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. கனம் ஒன்றும் பிரமாதமில்லை. பச்சை ஓக் கட்டையை ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்குகிறவர்கள் அவர்கள். வெர்லினும் டாயிலும் அப்படி எத்தனையோ ஆயிரம் கட்டைகளைச் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். ஒருத்தன் மூச்சை வைத்தே அவன் எப்போது கையை விடுவான் என்று இன்னொருத்தனுக்குத் தெரியும்.

பாதி மேட்டில் இடுப்பில் என்னவோ நகர்வது தெரிந்தது. பெட்டியின் விளிம்பு ரிவால்வர் உறையை மேலே நெம்பிக்கொண்டிருந்தது. அகல பெல்ட்டாக இருந்தால் கொக்கி இறுக்கிப் பிடித்திருக்கும். இது மெல்லிசு, கொக்கி ஆடியது. டாயில் முழங்கையால் அமுக்கினான். இன்னும் நகர்ந்தது. அப்போதுதான் அவன் அதைச் செய்தான். இடது கையைக் குறுக்கே கொண்டுபோய்க் கோட்டுக்குள் விட்டான். உடம்பு திரும்பியது, வலது கைப்பிடி தளர்ந்தது, பெட்டி அவன் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே வெர்லின் நகர்ந்ததை எல்லாருடைய கையும் உணர்ந்தது.

"பிடிடா," என்றான் எதிர்ப்பக்கத்திலிருந்து ராய்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

டாயில் பிடித்துக்கொண்டான். ரிவால்வர் உறையோடு விழுந்தது.

பெரிய சத்தமில்லை. ஈரப் புல்லில் கனமான சாமான் விழுகிற சத்தம்தான். ஆனால் மேட்டில் ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது என்ன என்று தெரியும். பெட்டியோடு போகிறவன் நிற்க முடியாது, திரும்பவும் முடியாது. டாயில் நடந்தான். பின்னால் டிரீவா நின்றது காதில் விழுந்தது. உறையிலிருந்து அதை உருவுகிற சத்தம். தோட்டா உருளையை வெளியே தள்ளுகிற சின்னச் சத்தம். தோட்டாக்கள் உள்ளங்கையில் கொட்டுகிற சத்தம். அதையெல்லாம் அவளுக்கு வெர்லின்தான் கற்றுக்கொடுத்திருந்தான். பிறகு கைப்பையின் ஜிப்.

பாதிரியார் ஜெபம் பண்ணும்போது எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். டாயில் மூடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த டிரீவாவின் மடியில் இருந்த கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்ச் கூடத்தில் சாப்பாடு. பன்றித் தொடை இறைச்சி, பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, பீன்ஸ், பெரிய பானையில் காபி. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சர்ச் பெண் ஒருத்தி அவன் தட்டில் கேட்காமலே இன்னொரு துண்டு இறைச்சி வைத்துவிட்டுப் போனாள். அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் முழங்கை இடுப்பைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் முகம் சுட்டது. டிரீவா கேட்டது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கூட இவனால் கொடுக்க முடியவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அது பிப்ரவரியில் நடந்தது.

முதுகு போய் வெர்லின் மில்லை விட்டு நின்றிருந்த சமயம். ஒரு மத்தியானம் மில்லுக்கு வந்து டாயிலின் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். டாயில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். வெர்லின் டயரைப் பற்றிப் பேசினான். டயர் தேய்ந்துவிட்டது, எந்தக் கடையில் நல்லது கிடைக்கும், முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டால் எத்தனை நாள் ஓடும் என்று பேசிக்கொண்டே இருந்தான். இறங்கப் போகும்போது, என்னுடையதைக் கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்துக்கொள்கிறாயா, தூக்கம் வரவில்லை, என்றான். டாயில் ரொட்டியை மென்றுகொண்டே, ஏன், ஜட்டியையும் சேர்த்துக் கொடேன், ஊருக்குள் அம்மணமாகச் சுற்று என்றான். வெர்லினும் சிரித்தான். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

தூக்கம் வராததற்கும் ரிவால்வருக்கும் என்ன சம்பந்தம் என்று டாயில் அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாதவனும் இல்லை.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று பார்த்தான். முடியாது. புருஷனை இப்போதுதான் புதைத்துவிட்டு வந்த ஒருத்தியின் கைப்பையில் துப்பாக்கியையும் தோட்டாவையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? கேட்டு வாங்கத்தான் வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு சர்ச் அடுக்களைக்குப் போனான்.

டிரீவா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்ன பெண்களை வெளியே அனுப்பியிருந்தாள்.

"டிரீவா. என் பொருளு..."

"பையில இருக்கு. கை ஈரம், இரு."

அவன் நின்றான். அவள் உருளைக்கிழங்குத் தட்டின் கருகலைச் சுரண்டினாள்.

"என்னாலதான் பெட்டி சாஞ்சுது."

"சாஞ்சா என்ன. அவனுக்கு இனிமே முதுகு வலிக்கவா போவுது." சுரண்டுவதை அவள் நிறுத்தவில்லை. "உன்னை ஒண்ணு கேக்கறேன் டாயில். குளிர்காலத்துல அவன்கிட்ட சொன்னேன், அதைக் கொண்டுபோய் யார்கிட்டயாச்சும் குடுத்து வைடான்னு. கேட்டுப் பாக்கறேன்னான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. உன்கிட்ட வந்து கேட்டானா?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. விஷயம் தெரிந்த வேறு ஆள் ஒருத்தன்தான், அவன் மேட்டில் கிடக்கிறான். டாயில் தட்டிலிருந்த இறைச்சியைப் பார்த்தான். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன்."

அவள் குழாயை மூடினாள். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நானே எடுத்துக் குளத்துல வீசியிருக்கணும்," என்றாள். "ஆம்பளை பொருளாச்சேன்னு விட்டுட்டேன்."

கைப்பையிலிருந்து காகிதத் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து மேடையில் வைத்தாள். தோட்டாக்களைத் தனியாக ஒரு காபிக் கோப்பையில் போட்டு வைத்தாள்.

"எனக்கு வேணாம் டிரீவா. நீயே எதாச்சும் பண்ணிடு."

"என் தலையில கட்டாத. வெளிய நிக்கறாங்க பாரு, அவங்ககிட்டப் போய்க் கேளு. அவனும் அப்படித்தானே கேட்டான்."

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். டாயில் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கோப்பையைக் கையில் பிடித்தபடி பின்வாசல் வழியாக வெளியே வந்தான்.

ராய்ஸின் வண்டியில் சாய்ந்து நான்கைந்து பேர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கோப்பையில் காபி இருப்பதாக நினைத்து ஒருத்தன் நகர்ந்து இடம் விட்டான். டாயில் வந்து நின்றான்.

"ராய்ஸ், டயர் புதுசா?" என்றான்.

ராய்ஸ் தன் டயரைப் பார்த்தான். போன வருஷம் போட்டது என்றான். நல்லா உழைக்குதா என்று கேட்டான் டாயில். உழைக்கிறது என்றான் ராய்ஸ். பின் டயர்தான் சீக்கிரம் தேயும், மாற்றிப் போடணும் என்று டாயில் சொல்லிக்கொண்டே போனான். தான் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதியில் அவன் காதுக்கே எட்டியது. நிறுத்தினான்.

"இதைக் கொஞ்ச நாள் உன்கிட்ட வெச்சுக்கறியா?" என்று பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

மில்லில் கட்டை அடுக்குகிற சின்னவன் அப்போதுதான் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்திருந்தான். "ஏன் பெருசு, தண்ணிக் குழாய் ஒழுகுதா?" என்றான்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவர்கள், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. டாயிலின் வாயும் தானாகச் சிரிப்புக்கு விரிந்தது. சும்மா கேட்டேன் என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எவ்வளவு லேசாக வருகிறது.

"இல்ல," என்றான். "நிஜமாத்தான் கேக்கறேன்."

நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. ராய்ஸ் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கினான், கோப்பையையும் வாங்கினான்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"சரி."

ராய்ஸ் கதவைத் திறந்து டேஷ்போர்டில் தன்னுடையதற்குப் பக்கத்தில் அதை வைத்தான். மூடி முதலில் மூடவில்லை. தோட்டாக் கோப்பையை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு ஒரு குத்துக் குத்தி மூடினான்.

சின்னவனின் சிகரெட் கால்வாசிகூட எரிந்திருக்கவில்லை. பிப்ரவரியிலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். டாயில் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுக்களை ஜன்னல் பக்கம் அவன் திரும்பவில்லை.