பரஸ்தானம் போன வேன்

அம்புஜத்தை ஓர் இரவாவது வெளியூரில் தூங்க வைத்துவிட வேண்டும் என்றுதான் அந்த வேனை வாங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் சுந்தராபுரம் வந்துவிட வேண்டும். நம் வீட்டுக் கதவை நம் கையால் சாத்தாவிட்டால் தூக்கம் வராது என்பாள். சரி, கதவையும் கூடவே கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தேன்.

என்னைவிடக் கொஞ்சமே இளைய டீசல் வேன். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, பின்பக்கம் திரை போட்ட ஒரு ஜன்னல். அம்புஜம் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். பிறகு இறங்கி வந்து, "ஒருக்கா வாரேனுங்க. அது சரியா நடக்கலீன்னா மறுக்கா கேக்கப்படாது" என்றாள்.

அமராவதி அணைக்குப் போய், தண்ணீர்க் கரையில் ஓர் இரவு. அவ்வளவுதான் திட்டம்.

கிளம்பும் நாளில் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். அதே 'டிக்'. வேலை பார்த்த காலமெல்லாம் மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃபும் ஒரு மோட்டார்தான். அது என்னை அவமதிப்பது போலிருந்தது.

மெக்கானிக் ரசாக் வந்தார். பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வேனுக்கு அடியில் படுத்துச் செல்ஃபை ஸ்பேனரால் தட்டினார். வேன் பொறுமையாகத் தட்டு வாங்கிக்கொண்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று அம்புஜம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பரஸ்தானம் வெச்சுப்போடலாமுங்க" என்றாள்.

நல்ல நேரத்துக்குள் கிளம்ப முடியாதவர்கள் ஒரு பையை மட்டும் அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு சாவகாசமாகப் போகலாம். ஆனால் பைகளெல்லாம் வேனுக்குள் இருந்தன. வேனையே வைத்துவிடலாமே என்று நான்தான் சொன்னேன். இறக்கத்தில் இருக்கும் அடுத்த வீட்டுக்காரரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் தெருவே சேர்ந்து வேனை மேட்டில் தள்ளி, மேட்டில் குடியிருக்கும் நண்பர் நஞ்சுண்டன் வீட்டு வாசலில் நிறுத்தியது. நான் ஸ்டியரிங் பிடித்திருந்தேன். அம்புஜம் பக்கத்து சீட்டில் இருந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. இறங்கி வீட்டுக்குப் போய் ஒரு காபி குடிக்கலாம் என்றேன். அம்புஜம் அசையவில்லை. பையை மட்டும் வைத்திருந்தால் நாம் வீட்டில் இருக்கலாம், வேனோடு நம்மையும் சேர்த்தல்லவா வைத்துவிட்டார்கள், கிளம்பியவர்கள் பாதியில் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தால் பயணம் முறிந்துபோகும் என்றாள். யோசித்துப் பார்த்தேன். மறுக்க வழியில்லை.

அப்படியாக, எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி நாங்கள் வெளியூரில் வசிக்கத் தொடங்கினோம்.

நஞ்சுண்டனின் மனைவி தெய்வாத்தாள் வேளாவேளைக்குச் சாப்பாடு அனுப்பினார். வாசலுக்கு வந்த ஒரம்பரையை, அதாவது விருந்தாளிகளை, நடுத்தெருவில் சமைக்க விடுவது மரியாதை இல்லையாம். குளியலும் அவர்கள் வீட்டில்தான். என் பிரஷர் மாத்திரையை எடுக்க நஞ்சுண்டன் எங்கள் வீட்டுச் சாவியோடு போனார். ஊருக்குப் போனவர்கள் வீட்டுக்குள் நுழைபவரைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நுழைந்தார். பெங்களூரிலிருந்து மகள் சாய்ப்ரியா போன் செய்து எதுவரை போயிருக்கிறீர்கள் என்று கேட்டபோது, நஞ்சுண்டன் வீடு வரை வந்துவிட்டோம் என்றேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

எங்கள் கேட்டருகே நின்று கூரியர்காரர் போனில் அழைத்தார். அம்புஜம் வேன் கண்ணாடி வழியே அவரைப் பார்த்துக்கொண்டே, "நாங்க ஊர்ல இல்லீங்க தம்பி" என்றாள்.

பகலெல்லாம் அவள் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவில் வேன் கதவைத் தன் கையால் சாத்தினாள். ஆனாலும் தூங்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் தூங்கவில்லை.

செல்ஃபின் காயில் கம்பி கருகிவிட்டது, கட்டிவர ஒரு வாரம் ஆகும் என்று ரசாக் முடிவாகச் சொன்னார். நஞ்சுண்டன் ஒரு டிராக்டரைக் கூட்டிவந்து கயிறு கட்டி இழுக்கச் செய்தார். வேனின் முன்கொக்கி மட்டும் கழன்று டிராக்டரோடு மேட்டில் ஏறிப் போயிற்று.

அன்று மாலை அம்புஜம் மெல்லச் சொன்னாள். "ஒரம்பரைன்னா ஒரு அளவுதானுங்க. நாளைக்கும் எடுக்கலீன்னா பயணம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம். ஊட்டுக்குப் போயறலாமுங்க."

குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. நிம்மதி இருந்தது. அதற்குமேல் அவள் எதற்கும் சம்மதிக்கமாட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

மறுநாள் ரசாக் தெருவின் சரிவைக் குனிந்து பார்த்தார். ரிவர்ஸ் கியர் போட்டுப் பின்னால் உருளவிட்டால் இறக்கத்திலேயே இன்ஜின் எடுத்துவிடும், அப்படியே கீழே போனால் பொள்ளாச்சி ரோடு என்றார். எனக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அந்த வழியில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டைப் பார்த்துப் பின்வாங்குவது திரும்பிப் போவதாகாதா?

தெரு கூடிவிட்டது. வண்டி எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம்தான் பயணம் என்றார் ஒருவர். அப்படியானால் பஸ்ஸில் பின்பக்கம் பார்த்த சீட்டில் உட்காருகிறவன் ஊருக்குப் போகிறானா, திரும்பி வருகிறானா என்று கேட்டார் நஞ்சுண்டன். இறக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, பேச்சுவார்த்தை இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் எல்லோரும் அம்புஜத்தைப் பார்த்தார்கள்.

"மூஞ்சி மேட்டப் பாத்துத்தானுங்களே இருக்குது?" என்றாள்.

"ஆமாங்க்கா" என்றார் நஞ்சுண்டன்.

"அப்ப நாம திரும்பலீங்க. உடுங்க."

பிரேக்கை விட்டேன். வேன் பின்பக்கமாக உருண்டது. எங்கள் வீட்டைக் கடக்கும்போது அம்புஜம் கண்ணை மூடிக்கொண்டாள். கிளட்சை விட்டதும் வேன் ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, கரும்புகையோடு உயிர்பெற்றது. கியரை மாற்றப் பார்த்தேன். வரவில்லை. ரிவர்ஸிலேயே சிக்கிக்கொண்டது. நிறுத்தினால் இன்ஜின் அணைந்துவிடுமோ என்று பயம். ரசாக் ஸ்கூட்டரில் பின்னால் போய், "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிங்க" என்று கத்திக்கொண்டே வழிகாட்டினார்.

கண்ணாடிக்கு முன்னால் எங்கள் வீடு, நஞ்சுண்டன், தெய்வாத்தாள், தெருவில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தபடியே சிறிதானார்கள். கண்ணைத் திறந்த அம்புஜம் அவர்களுக்குக் கையாட்டினாள். "வாரோமுங்க" என்றாள். அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டே வீட்டைவிட்டு விலகினாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். முகத்தில் பயமில்லை.

பொள்ளாச்சி ரோடு வந்ததும் ரசாக் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இன்ஜினை அணைக்காமலே அடியில் நுழைந்து ஒரே தட்டாகத் தட்டினார். கியர் விடுபட்டது. இனி வேனின் முகத்தை அணை இருக்கும் உடுமலைப் பக்கம் திருப்ப வேண்டும். நான் திருப்பவில்லை. அம்புஜம் எங்கள் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் எங்களைச் சுற்றிப் போயின.

அவள் எழுந்து உள்ளே போனாள். கட்டிலில் மண்டியிட்டுப் பின்ஜன்னல் திரையை ஒதுக்கி, வெளியே பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் வேனைத் திருப்பினேன். கிணத்துக்கடவு தாண்டும்வரை கண்ணாடியில் அவள் பின்னந்தலை மட்டுமே தெரிந்தது. ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏனுங்க நிறுத்தறீங்க?" என்றாள் திரும்பாமலே. "பின்னால ஆரும் கூப்புடலீங்க. ஓட்டுங்க."