ஆடு குறுக்கே வரவில்லை

"என் புள்ள வாய் தொறந்து சொன்னாத்தான் பிளேனே தரையில இறங்கும்" என்று ஜானி பாஷா தன் இரும்புக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆணி வாங்க வந்தவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இளைய மகன் மக்பூல் வடக்கே ஒரு பெரிய ஊரின் விமான நிலையத்தில், உயரமான கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வருகிற போகிற விமானங்களுக்கெல்லாம் வழி சொல்லும் அதிகாரி. அங்கே குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. அதனால் அவன் மனைவி கைசர் ஜஹான் திருவண்ணாமலையில் மாமனார் வீட்டிலேயே இருந்துகொண்டு, உருதுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேலை பார்த்தாள்.

எண்பத்திரண்டில், தங்கை அஸ்மத்தின் நிக்காஹுக்காக மக்பூல் லீவில் வந்தான். வந்த அன்றே கைசர் ஜஹானுக்கு மனசு சரியில்லாமல் போயிற்று. படுத்தான், எழுந்தான், மாடிக்குப் போனான், இறங்கி வந்தான். அடுப்பு எங்கே மூட்டுவது என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, பைலட்டுகளிடம் கேட்டுப் பழகியபடி, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். பந்தல்காரரிடமும் அப்படியே. "பெரிய ஆபீசரு. நாமெல்லாம் மக்குன்னு நெனப்பு" என்று அண்ணன் அன்வர் பாஷா சிரித்தான். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் போதும், மக்பூல் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு, அடுத்த ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனவள், தண்ணீர்த் தொட்டி நிழலில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். எதிரே மலை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

"தூக்கம் வரலையா?"

"வருது. படுத்தா போயிடுது."

"அங்கயும் இப்படித்தானா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஷிப்ட் முடிஞ்சு எழுந்திருக்கணும். அடுத்து உக்கார ஆளு வராது. ஒருத்தரு ரிட்டையர் ஆயிட்டாரு, ஒருத்தனுக்கு மஞ்சக் காமாலை. மத்த எடமெல்லாம் ரொம்ப நாளா காலி. நானும் ராஜமாணிக்கமும்தான் மாத்தி மாத்தி உக்கார்றோம்."

ராஜமாணிக்கத்தை அவளுக்குத் தெரியும். போளூர்ப் பக்கத்துக்காரர், அவனோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர், கூட வேலை பார்க்கிறவர்.

"போன மாசம் ரெண்டு பிளேனுக்கு ஒரே உயரத்தச் சொல்லிட்டேன், கைசர்."

"அப்படின்னா?"

"எதிரும் புதிருமா வந்துச்சுங்க. வானம் தெளிவா இருந்ததால ஒரு பைலட் கண்ணால பாத்து ஒதுங்கிட்டான். மேகம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "காது கேட்டுக்கினே இருக்கு, வாய் பேசிக்கினே இருக்கு. நடுவுல நான் இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ராஜமாணிக்கத்துக்குத் தெரியும். அவனுக்கும் ஒரு தடவ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்கு முழுக்க அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

நிக்காஹுக்கு முதல் நாள், மாப்பிள்ளையின் அத்தை ஜாஹிராவைப் போளூரிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்தது. டிரைவர் வேறு வேலையாகப் போய்விட்டார். "நான் போறேன்" என்று மக்பூல் அம்பாசடர் சாவியை எடுத்தான். கைசர் ஜஹான் யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் வண்டி வந்துகொண்டிருந்தது. பந்திக்கு இலை போதுமா என்று அவள் கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. எதிரே ஒரு பஸ், ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. அவள் பாய்ந்து ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தாள். கார் சரிவில் இறங்கி, முள்ளுச் செடிகளை நசுக்கிக்கொண்டு, அறுப்பு முடிந்த வயலில் போய் நின்றது. பஸ் நிற்காமல் போய்விட்டது.

பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஜாஹிராவுக்கு நெற்றியில் அடி. "என்னாச்சும்மா? என்னாச்சு?"

"ஆடு குறுக்க வந்துடுச்சு" என்றாள் கைசர் ஜஹான்.

மக்பூல் அவளைப் பார்த்தான். அவன் கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

வீட்டில் எல்லோரும் அதை நம்பினார்கள். சாயங்காலத்துக்குள் அந்த ஆட்டுக்கு நிறம்கூட வந்துவிட்டது. கறுப்பு ஆடு என்றார் ஜானி பாஷா. ஆட்டைக் காப்பாற்றப் போய் மகன் காரை வயலில் இறக்கினான் என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது தந்தி வந்தது. ஜானி பாஷா அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். லீவு ரத்து, உடனே வேலைக்கு வரவும் என்று இருந்தது.

"பாத்தீங்களா? என் புள்ள இல்லாம கவர்மெண்டால ரெண்டு நாள் தள்ள முடியல" என்றார் அவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மக்பூல் அதற்குள் மெட்ராஸ் பஸ்ஸைப் பற்றி யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தான்.

கைசர் ஜஹான் மாமனாரைப் பாத்திரம் அடுக்கியிருந்த அறைக்குள் கூப்பிட்டாள்.

"மாமா, நேத்து ஆடு எதுவும் வரல."

"என்ன சொல்ற?"

"அவரு தூங்கிட்டாரு. கண்ணத் தொறந்துக்கினே தூங்கிட்டாரு. நான் இழுக்கலேன்னா பஸ்ல போய் மோதியிருப்போம். கார்ல நாங்க மூணு பேருதான் இருந்தோம். பிளேன்ல எத்தன பேரு இருப்பாங்கன்னு நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க."

"நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சா இது?" அவர் முகம் சிவந்தது. கதவைத் திறந்துகொண்டு போகப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பந்தல் காலருகே மக்பூல் நின்றிருந்தான். கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, சூடான டீ அவன் பாதத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.

ஜானி பாஷா போய் டம்ளரை வாங்கி வைத்தார். மகனின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

"போவாத. உடம்பு சரியில்லன்னு பதில் தந்தி குடுத்துடு."

"எனக்குப் பதிலா யாரும் வரமாட்டாங்கப்பா. ராஜமாணிக்கம்தான் அதையும் சேத்து உக்காருவான். நேத்துலேந்து எழுந்திருச்சானோ என்னவோ."

பெரியவர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று அதற்குப் பிறகு விமானத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

சாயங்காலம் மக்பூலும் கைசர் ஜஹானும் தபால் ஆபீசுக்குப் போய் ராஜமாணிக்கத்துக்கு டிரங்க் கால் போட்டார்கள். லைன் கிடைக்க நேரமாயிற்று. மக்பூல் உட்காரவே இல்லை.

"நான் வரேன்டா" என்றான் போனில். "ஆனா ஒரு ஷிப்ட்டுக்கு மேல உக்கார மாட்டேன். அதிகாரிகிட்ட நேரா சொல்லிடப் போறேன். நீயும் உக்காராத. ஆளு இல்லேன்னா ஏர்போர்ட்ட மூடட்டும்."

"அவங்க எங்க மூடுவாங்க? நம்ம கதையத்தான் மூடுவாங்க." ராஜமாணிக்கத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. "சரி, வா. நீ எழுந்தா நானும் எழுந்திருக்கறேன்."

கைசர் ஜஹான் ரிசீவரை வாங்கினாள். "அண்ணே, நீங்க கடைசியா எப்ப தூங்கினீங்க?"

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்றார் அவர்.

மக்பூல் போனான். சொன்னபடியே தன் ஷிப்ட் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான். இதற்கு மேல் உட்கார்ந்தால் யாராவது சாவார்கள், என்னால் முடியாது என்று மேலதிகாரியிடம் சொன்னான். அவர் கத்தினார். பிறகு ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். ராஜமாணிக்கத்துக்கு வயசுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர். அவர் மக்பூலோடு எழுந்து போகவில்லை. மக்பூல் விட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மக்பூலுக்கு இன்கிரிமெண்ட்டை நிறுத்தி, எப்போதாவது ஒரு விமானம் இறங்கும் சின்ன ஊருக்கு மாற்றினார்கள். அங்கே குவார்ட்டர்ஸ் இருந்தது. கைசர் ஜஹான் வேலையை விட்டுவிட்டு அவனோடு போனாள். பள்ளிக்கூடத்தை விட்டது அவளுக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அவனுக்குத் தூக்கம் உடனே வந்துவிடவில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது. ராஜமாணிக்கத்தைப் பற்றி அவள் கோபமாகப் பேசினால், "அவன் எடத்துல நீ இருந்து பாரு" என்று மட்டும் சொல்வான்.

இரண்டு வருஷம் கழித்துக் கார்த்திகை தீபத்துக்கு ராஜமாணிக்கம் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். அவர்களும் அப்போது லீவில் வந்திருந்தார்கள். மறுநாள் காலை வீடு தேடி வந்தவரைப் பார்த்ததும் கைசர் ஜஹானுக்குக் கோபம் வரவில்லை. முடியெல்லாம் நரைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"இப்ப புதுசா ஆளு போட்டிருக்காங்கடா" என்றார் மக்பூலிடம். "பசங்க. அவங்களுக்குக் கத்துக்குடுக்கறதும் நான்தான். வேல ஜாஸ்திதான் ஆயிருக்கு." பிறகு, "அன்னைக்கு என்னால எழுந்திருக்க முடியலடா" என்றார்.

"விடு. சாப்பிடு."

கைசர் ஜஹான் இட்லி வைத்தாள். சட்னி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவர் கை தட்டிலேயே இருந்தது. தலை மார்பில் சாய்ந்திருந்தது. வெளியே ஒலிபெருக்கியில், தீபக் கூட்டம் திரும்பிப் போகும் பஸ்களை வேலூர் ஸ்பெஷல், விழுப்புரம் ஸ்பெஷல் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"சாத்தாத" என்றான் மக்பூல் மெதுவாக. "ஹெட்போன்ல கேட்டுப் பழகின காது. சத்தம் நின்னா முழிச்சுக்குவான்."

அவள் ஜன்னல் கதவில் கை வைத்தபடி, தட்டை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.