சேனை வைத்த கை

பெர்னார்ட் சார் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்தது 'சாஜ்-ஃபாம்'. பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு பேசுவதற்காக, பெங்களூர் வைட்ஃபீல்டில் எங்கள் கம்பெனி பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து மொழி கற்றுக்கொடுத்த 2003ஆம் வருடம் அது. ஆளுக்கொரு கூட்டுச்சொல்லின் பூர்வீகத்தைத் தேடி வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். ஃபாம் என்றால் பெண். சாஜ் என்றால் விவரம் அறிந்த. சேர்த்துச் சொன்னால் மருத்துவச்சி, பிரசவம் பார்க்கிறவள். சாஜுக்கு மூதாதை லத்தீனில் ஒரு வினைச்சொல். அதற்கு முதலில் ருசி பார்ப்பது என்று அர்த்தம், அப்புறம்தான் அறிவது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"நல்லா இருந்துச்சு யாமினி. உங்க ஊர்ல இந்த மாதிரி யாரையாச்சும் பார்த்திருக்கீங்களா?" என்றார் சார்.

"இல்ல சார்."

வாய் கூசவில்லை எனக்கு. கோலார் தங்கவயலில் லைன் வீடு லைன் வீடாகப் போய் முந்நூறு பிரசவம் பார்த்த தனலக்ஷ்மியின் ஒரே மகள் நான்.

அம்மாவை நான் இப்படிக் கைவிட்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை, என் மகன் கவி பிறந்த அன்று. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அம்மா சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். என் மாமியார் வேதநாயகி, "ஊர்ப்பட்ட தீட்டு எடுத்த கை. நானே வச்சிடறேன்" என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா கிண்ணத்தை முந்தானையில் மூடிக்கொண்டு வெளியே போனாள். என்னைப் போல ஒரு பாவி உண்டா?

வகுப்பு முடிந்து சாயங்காலம் நீலசந்திராவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா இரண்டு வயதுக் கவியை மடியில் வைத்துத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். மாமியாருக்கு முட்டிவலியாம், பிள்ளை பார்க்க முடியாதாம். அதற்கு மட்டும் அந்தத் தீட்டுக் கை ஆகும்.

"அம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்த சக்கரத் தண்ணிய என்னா பண்ணே?"

அவள் நிமிரவில்லை. "பக்கத்து வார்டுல ஒரு பொண்ணு. பார்க்க ஒருத்தரும் வரல, பாவம். அது குழந்தைக்கு வச்சேன். பின்ன, கீழயா ஊத்துவாங்க? இப்ப ஏன்டி கேக்குற?"

மன்னிச்சுக்கோம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சும்மாதான்" என்று வந்தது.

அம்மா ஒரு விரல் சாதத்தைத் தன் நாக்கில் வைத்து உப்புப் பார்த்தாள். போதும் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டாள். அதே விரலால் கவியின் உதட்டைத் தொட்டாள். அவன் ஆவென்று வாயைத் திறந்தான்.