சித்தாள் நடை

வத்சலாவுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அதைவிடப் பெரிய தண்டனை. பிசியோதெரபி மாணவர்களை முதல் தடவையாக அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். மாணவன் நோயாளியைத் தொட்டபின் நாம் குறுக்கே விழக்கூடாது என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, இப்போது தானே தவித்துக்கொண்டிருந்தாள்.

ஆசிய விளையாட்டுக்காக டெல்லி முழுக்கப் பாலம் பாலமாகக் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அப்படி ஒரு பாலத்தில் சித்தாள் வேலை பார்த்தவள் சந்திரம்மாள். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, கால்தான் அதை நம்ப மறுத்தது. அவளுக்குத் தமிழ் தவிர ஒன்றும் வராது என்பதால் மாணவர்களில் தமிழ் தெரிந்த வைத்தியிடம் ஒப்படைத்தாள் வத்சலா. டெல்லி லக்ஷ்மிபாய் நகரிலேயே வளர்ந்த பையன். தமிழில் பாதி இந்தி, ஆனால் துடிப்புக்குக் குறைவில்லை.

பெரிய டாக்டர் ராமசுப்ரமணியனுக்கு இது பிடிக்கவேயில்லை. "சின்னப் பசங்க கையில பேஷண்ட்டைக் கொடுத்துட்டு வேடிக்கை பாக்கறேளா? சனிக்கிழமை ரவுண்ட்ஸ்ல வருவேன். முழு எடையும் ஊன்றி நடக்கலைன்னா, கட்டையைக் கொடுத்து டிஸ்சார்ஜ்" என்று சொல்லிவிட்டார். கக்கத்தில் கட்டையோடு வருகிறவளுக்கு எந்த மேஸ்திரி வேலை கொடுப்பான்? சந்திரம்மாளுக்கு அது நன்றாகவே தெரியும்.

இன்றுதான் சனிக்கிழமை. பெரிய டாக்டர் பக்கத்து வார்டுவரை வந்துவிட்டார்.

"நேரா பாருங்கோம்மா. காலைப் பாக்காதீங்கோ, ப்ளீஸ்" என்று கெஞ்சினான் வைத்தி.

நடை பழக இரண்டு பக்கமும் போட்டிருந்த கம்பிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் பாதத்தையே முறைத்தாள் சந்திரம்மாள். வைத்தி எதிரே ஆளுயரக் கண்ணாடி வைத்துப் பார்த்தான். அதில் தன்னைக் கண்டதும் வெட்கப்பட்டு இன்னும் குனிந்துகொண்டாள். வத்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் அவள் மோவாயை நிமிர்த்தினால் என்ன? போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வேலை செய்யறச்சே இப்படித்தான் கீழே பாத்துண்டு நடப்பீங்களா?" என்று கேட்டான் வைத்தி.

"நல்லா கேட்ட போ! கீழ பாத்தா தலையில இருக்கற கலவ மூஞ்சியில கொட்டிரும் தம்பி."

வைத்தியின் முகம் பளிச்சென்று மாறியது. "அச்சா! ஏக் மினிட்!" என்று ஓடினான். ஒரு துண்டும், உடற்பயிற்சிக்கு வைத்திருக்கும் சின்ன மணல் மூட்டையும் கொண்டுவந்தான். துண்டை ஜிலேபி மாதிரி கோணல்மாணலாகச் சுற்றி அவள் தலைமேல் வைக்கப் போனான்.

"அய்ய, இதுக்குப் பேரு சும்மாடா? கொண்டா இங்க!"

சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கி உதறி, முறுக்கி, வட்டமாகச் சுருட்டினாள் சந்திரம்மாள். அதற்கு இரண்டு கை வேண்டாமா? கம்பியை விட்டுவிட்டாள்! இரண்டு காலிலும் திடமாக ஊன்றி நிற்பது அவளுக்கே தெரியவில்லை. வைத்தி பார்த்துவிட்டான். வத்சலாவும் பார்த்துவிட்டாள்.

சும்மாடு தலையில் ஏறியது. அதன்மேல் வைத்தி மூட்டையை வைத்தான். கழுத்து நிமிர்ந்தது, முதுகு நேரானது, கண் தூரத்துக்குப் போனது.

"ம், நகரு தம்பி" என்றாள் சந்திரம்மாள்.

நடந்தாள். விந்தினாள், ஆனால் நடந்தாள்! வைத்தி தொடாமல் கூடவே பக்கவாட்டில் ஓடினான். கம்பிகள் முடிந்தன, அவள் நிற்கவில்லை. வத்சலாவுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, பயத்தில் ஓடிப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார் ராமசுப்ரமணியன்.

"வழி, வழி! ஓரமா நில்லு சார்!" என்று அதட்டினாள் சந்திரம்மாள்.

டெல்லியில் அவரிடம் அப்படிச் சொன்னவர்கள் கிடையாது. பெரிய டாக்டர் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவரைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டாள் சந்திரம்மாள். அங்கே போனபிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"எங்க தம்பி எறக்கணும்?" என்று தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

வைத்தி திரும்பி வத்சலாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னவர் பெரிய டாக்டர்தான்.

"இங்க எறக்காதேம்மா. அந்தக் கோடிவரைக்கும் கொண்டு போ."