பதியப்பட்டது என்றது திரை

மீனாம்பிகையின் புரோகிராமுக்குப் பொய் சொல்லும் குணம் பிறவியிலேயே இருக்கவில்லை. அவள்தான் பழக்கிவிட்டாள். இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டங்களிலிருந்து தொலைபேசியில் வரும் மழையளவை மாத்தளை அலுவலகக் கணினியில் அடித்தால், அது கோப்பில் எழுதப்படும். கோப்பில் உள்ளதைக் கூட்டிப் பார்த்து, மண் சரியும் ஆபத்து இருந்தால் கணினி எச்சரிக்கும். கோப்பில் எழுத முடியாமற்போனால் சிவப்புப் பெட்டியில் பிழை காட்டும்.

இந்த ஏற்பாட்டின் திறப்பு விழா ஒத்திகையில் அந்தச் சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. பொறுப்பதிகாரி உருத்திரமூர்த்திக்கு முகம் கறுத்துவிட்டது.

"சுபநேரத்தில விளக்கேத்திப்போட்டுப் பொத்தானை அமத்தேக்க உந்தச் சிவப்பு வரக்கூடாது, பிள்ளை. அபசகுனம்."

அவள் பிழையின் வாயைக் கட்டிவிட்டாள். எழுதத் தவறினால் என்ன செய்வது என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். இனி எழுதினாலும் எழுதாவிட்டாலும் திரை 'பதியப்பட்டது' என்றே சொல்லும். விழாவுக்குப் பிறகு திருத்தலாம் என்றிருந்தாள். விழா முடிந்தது, பாற்சோறு தின்றார்கள், விழா வீடியோக்களை எல்லாம் அதே கணினியில் கொட்டினார்கள். திருத்தம் மட்டும் நடக்கவில்லை.

அந்த 2007 மார்கழியில் மழை விடாமல் ஊற்றியது. ஒரு மத்தியானம் தோட்டத்துக் கிளாக்கர் நாகமுத்து பேசினார்.

"மிஸ், ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்கு மேல தேயிலைக்குள்ள நெலத்துல வெடிப்பு ஓடியிருக்குங்க. சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எறக்கிட்டேன். ஆபீஸ் சொல்லாம எறக்கினா பெரிய தொரை சத்தம் போடுவாரு. என்ன செய்யட்டும்?"

வெடிப்பு என்றதும் அவளுக்குத் திக்கென்றது. அவர் சொன்ன மழையளவை அடித்தாள். பதியப்பட்டது என்றது திரை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. தன் கையால் எழுதிய கணக்கை அவள் எப்படிச் சந்தேகிப்பாள்?

"இன்னும் ஆபத்து நிலைக்கு வரேல்லை. லயத்துக்கே போகச் சொல்லுங்கோ."

"மிஸ் சொன்னாச் சரிங்க."

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் உறுத்தியது. கூட்டுத்தொகை காலையில் இருந்தபடியே இருந்தது. கோப்பைத் திறந்தாள். நேற்று மாலைக்குப் பிறகு ஒரு வரிகூட அதில் ஏறவில்லை. வீடியோக்கள் கணினியில் இடமில்லாமல் செய்துவிட்டிருந்தன. தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தாள்.

"நாகமுத்து, சனத்தை உடன வெளியில எடுங்கோ. நான் சொன்னது பிழை."

"எல்லாரும் லயத்துக்குத் திரும்பிப் போய்ட்டாங்க, மிஸ். எங்கக்கா பாப்பம்மா மட்டும் வரமாட்டேன்னு புள்ளைகளைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஆபீஸ் மிஸ்ஸே சொல்லிட்டாங்கன்னு நான்தான் ஏசி அனுப்பிவச்சேன். இருங்க, ஓடுறேன்."

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு அவர் ஓடுவது கேட்டது. பிறகு லொறி லொறியாகக் கல் கொட்டுவதுபோல ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. மீனாம்பிகை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொலைபேசி அறுந்துபோகவில்லை, மழை கேட்டது. ஆளரவம் எதுவும் கேட்கவில்லை.