மண்வெட்டி எடுக்கிற முறை

"இன்னும் கொஞ்சம்யா, பல்லக் கடிச்சிக்கோ" என்று குப்பம்மா கணவனின் பிடரியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தடவி, துணியைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்து, அவளும் கோழி கூவியதிலிருந்து போராடுகிறாள். சடையனின் கழுத்து ஒரு விரற்கடைகூடக் கீழே இறங்கவில்லை. முகவாய் சற்றே தூக்கினாற்போல, எதிரே இருப்பவன் முகத்தை நேராகப் பார்க்கும்படி அப்படியே நின்றது.

"வுடுமே. உயிர் போவுது" என்றான் சடையன்.

குப்பம்மா கையை எடுத்தாள். எடுத்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி அழுத்தக்கூடாது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், மண் வெட்டலாம், கை வேலை கால் வேலை எல்லாம் செய்யலாம். தலையில் சுமை மட்டும் ஏற்றக்கூடாது, மரம் ஏறக்கூடாது. கழுத்து இனிமேல் குனியாது. வலுக்கட்டாயமாகக் குனிய வைத்தால் கை கால் விளங்காமல் போய்விடும். இதுதான் அவள் சொன்னது. குப்பம்மாவுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்கு மருதங்கரணையைப் பற்றி என்ன தெரியும்? அந்த ஊரில் கழுத்து என்பது எதற்காக இருக்கிறது என்று அவள் எந்தப் புத்தகத்தில் படித்திருப்பாள்?

திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது மருதங்கரணை. ஊருக்கு ஒரு ஏரி. ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி. மதகைத் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் விட்டு, யார் வயலுக்கு எப்போது என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறவன் நீர்க்கட்டி. சடையனின் அப்பன் நீர்க்கட்டி, அவனுக்கு அப்பனும் நீர்க்கட்டி. அறுப்புக்குக் களத்தில் கிடைக்கிற கதிர்க்கட்டுதான் சடையன் வீட்டுக்கு வருஷச் சாப்பாடு. இரண்டு பெண் குழந்தைகள் அதைத்தான் தின்று வளர்ந்தார்கள்.

ஆனால் நீர்க்கட்டி என்றால் நீரை மட்டும் கட்டினால் போதும் என்று ஊர்த்தெருவில் யாரும் நினைக்கவில்லை. ஊர்ப் பெரியதனம் கோதண்டராமன் வீட்டில் விறகு பிளப்பதும், கொட்டகை போடுவதும், செத்த மாட்டை இழுப்பதும் அவன்தான். ஆவணியில் கோதண்டராமனின் மகள் வச்சலாவுக்குக் கல்யாணம் நடந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாருக்கு விடிகாலையில் இளநீர் வேண்டியிருந்தது. ராத்திரி பெய்த மழையில் மரமெல்லாம் பாசி வழுக்கல். சடையன் அதைச் சொன்னான். கோதண்டராமன், "சம்பந்திங்க காத்துனு கீறாங்கடா" என்றார். அவன் ஏறினான். சம்பந்திகள் இளநீர் குடித்தார்கள். கடைசிக் குலையோடு சடையனும் கீழே வந்தான்.

கோதண்டராமன் தம் சொந்த வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இந்த வண்டிக் கதையை அவர் அதற்குப் பிறகு சொல்லாத இடம் கிடையாது. தீண்டாமை ஒழிப்பு வாரத்துக்கு ஒன்றிய அலுவலகத்தில் தலைமை தாங்கிப் பேசியபோதுகூடச் சொன்னார், கை தட்டினார்கள். இளநீர்க் கதையை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று கார்த்திகை மடை திறப்பு. ஏரி நிரம்பிக் கிடந்தது. நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. மடை திறப்பதற்கு மருதங்கரணையில் ஒரு முறை உண்டு. ஊர்த்தெரு ஆண்கள் மதகடியில் கூடுவார்கள். பெரியதனக்காரர் ஊர் மண்வெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அதைத் தம் காலடியில் தரையில் போடுவார். கையில் கொடுக்க மாட்டார். கை பட்டால் தண்ணீர் தீட்டாகிவிடுமாம். நீர்க்கட்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையை நன்றாகத் தொங்கப் போட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், குனிந்து அந்த மண்வெட்டியை எடுக்க வேண்டும். எடுத்தபின் அவன்தான் மதகுக்குள் இறங்குவான். அவன் கால் பட்ட தண்ணீர்தான் எல்லார் வயலுக்கும் பாயும், அந்தச் சோற்றைத்தான் எல்லாரும் தின்பார்கள். அதில் தீட்டு இல்லை. சாஸ்திரம் வயிற்றோடு சண்டைக்குப் போவதில்லை.

அந்தக் குனிதலுக்காகத்தான் குப்பம்மா விளக்கெண்ணெய் காய்ச்சினாள்.

"இடுப்ப வளச்சிப் பாரு" என்றாள் கடைசியில்.

சடையன் இடுப்பை வளைத்தான். உடம்பு முன்னால் சாய்ந்தது, முகம் மட்டும் ஓட்டிலிருந்து தலை நீட்டின ஆமை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கண் இரண்டும் அவள் முகத்தையே குத்திட்டுப் பார்த்தன. சும்மா நிற்பதைவிட இது இன்னும் மோசமாக இருந்தது. குப்பம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"வேணாம்யா. நேராவே நில்லு" என்றாள்.

மதகடியில் கூட்டம் கூடியிருந்தது. கோதண்டராமன் குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பாலசுப்ரமணியன். சாதி இரண்டொழிய வேறில்லை என்பதைப் பள்ளிக்கூடச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவர் அவர். தண்ணீர்ப் பானைகளை மட்டும் இரண்டாக வைத்திருந்தார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். சேரி ஆட்கள் கரைச் சரிவில் தள்ளி நின்றார்கள். குப்பம்மாவும் அவர்களோடு போய் நின்றுகொண்டாள்.

சடையன் வந்தான். துண்டு இடுப்பில்தான் இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. நாற்காலிக்கு எதிரே போய் நின்று கைகூப்பி, "கும்புடறேன் ஆண்டே" என்றான், கோதண்டராமனின் முகத்தைப் பார்த்து.

தம் முகத்தை ஒரு நீர்க்கட்டி அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது கோதண்டராமனுக்கு அதுதான் முதல் தடவை. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு வேறு பக்கம் திரும்பி, இவனால் வேலை செய்ய முடியுமா என்பதை ஊர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பாலசுப்ரமணியன் அதை இன்னும் அழகாக, அவனுடைய வேலைத்திறனைப் பரிசீலிக்க வேண்டும் என்றார்.

பரிசீலித்தார்கள். வாழ்நாளில் ஒரு கூடை மண் தூக்காதவர்களெல்லாம் பரிசீலித்தார்கள். கரைமேல் ஓடு என்றார்கள், ஓடினான். சேறு வெட்டிக் காட்டு என்றார்கள், சரிவில் நின்ற சேரி ஆள் ஒருவனின் மண்வெட்டியை வாங்கி, முட்டியை மடக்கிக்கொண்டு வெட்டினான். மதகுத் தண்டை அசைத்துப் பார் என்றார்கள். வருஷம் பூராவும் ஊறிக் கிடந்த கட்டையைக் கல்தூணில் கால் வைத்து ஒரு சாண் தூக்கி மறுபடி இறக்கினான். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். இவர்கள் கையை நீட்டச் சொல்லி, விரலை மடக்கச் சொல்லி, கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஒருவர் கேட்டார். குப்பம்மா சரிவிலிருந்தபடியே ஒன்று விடாமல் சொன்னாள். கை வேலை, கால் வேலை எல்லாம் செய்யலாம் என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

கோதண்டராமன் எழுந்தார். மஞ்சள் குங்குமம் வைத்த மண்வெட்டியை எடுத்துக் காலடியில் போட்டார். "எடு" என்றார்.

சடையன் ஒரு கணம் நின்றான். பிறகு முதுகு நிமிர்ந்தபடியே முட்டியை மடக்கிக் குந்தினான். கையால் தரையைத் துழாவி மண்வெட்டிக் காம்பைப் பிடித்தான். அந்த நேரம் முழுவதும் அவன் முகம் கோதண்டராமனின் முகத்துக்கு நேராக, கொஞ்சமும் விலகாமல் இருந்தது. வேண்டுமென்று பார்க்கவில்லை அவன். வேறெங்கும் பார்க்க அவனால் முடியவில்லை.

"கீழ போடு" என்றார் கோதண்டராமன்.

போட்டான்.

இந்த ஊரில் தோல் கெட்டியான பொய் ஒன்று உண்டு. அதற்கு இரக்கம் என்று பெயர். என் முன்னால் தலை குனியாதவனுக்கு வேலை இல்லை என்று கோதண்டராமன் சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் நாணயமாவது மிஞ்சியிருக்கும். ஒன்றியத்தில் கைதட்டல் வாங்கிய வாயால் அதைச் சொல்ல முடியுமா? அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாவம், உடம்பு முடியாதவன். இவனப்போயி வேலை வாங்கறதுக்கு நம்ம மனசு கேக்கல" என்றார். மனிதாபிமானம் என்றால் இதுதான் என்று பாலசுப்ரமணியன் எடுத்துக் கொடுத்தார். ஊர்த்தெரு முழுவதும் ஆமாம் ஆமாம் என்று இரக்கப்பட்டது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட இத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு அழுதிருக்காது.

ஓடினதும் வெட்டினதும் தண்டு தூக்கினதும் எல்லாரும் பார்த்ததுதானே? அவன் திரும்பி மனைவியைப் பார்க்க நினைத்தான். அதற்கும் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது.

கோதண்டராமன் சரிவைப் பார்த்து, "அப்பாசாமி, நீ வாடா. இனிமே நீதான் நீர்க்கட்டி" என்றார்.

அப்பாசாமி சடையனுக்குப் பங்காளி. ஊர்த்தெருவில் நாய் எதிரே வந்தால்கூட ஒதுங்கிக் கும்பிடு போடுகிற ஆள். அவன் கழுத்து காம்பு தளர்ந்த பூசணிப் பூ மாதிரி எப்போதும் மார்பில்தான் கிடக்கும். அவன் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நகர்ந்தான். அவனுக்கும் வீட்டில் பசி இருந்தது. அவனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

குப்பம்மாவைக் கடந்து போகும்போது அவள் பேசினாள். கத்தவில்லை. ஆனால் தண்ணீர்க் கரையில் குரல் நன்றாகக் கேட்கும்.

"அப்பாசாமி, எம் புருசனுக்கு மரத்துலேர்ந்து வுழுந்துதான் கழுத்து நிமுந்துது. உனுக்கு நிமுரணும்னா நீயும் மரத்துலேர்ந்து வுழணுமா?"

அப்பாசாமி நின்றான். பிறகு நடந்துபோய் மண்வெட்டிக்கு முன்னால் நின்றான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முட்டியை மடக்கிக் குந்தினான், சடையன் குந்தினது போலவே. கை தரையைத் துழாவியது. முகம் மெல்ல மெல்ல மேலே வந்தது. கோதண்டராமனுக்கு அப்பாசாமியின் கண் பூனைக்கண் என்பது அன்றுதான் தெரிந்தது.

"இன்னாடா, உனுக்குமா கழுத்துல அடி?"

"இன்னான்னு தெரியல ஆண்டே. குனிய வரமாட்டேங்குது" என்றான் அப்பாசாமி. அவன் குரல் நடுங்கியது, கழுத்து நடுங்கவில்லை.

கோதண்டராமன் அவனையும் விலகச் சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். அடுத்தவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. தனக்கும் காலையிலிருந்து பிடரி வலி என்றான். அதற்கடுத்தவன் வாயே திறக்காமல் நேராகப் பார்த்தான். சரிவில் நின்ற அத்தனை முகமும் மேலே பார்த்தன. அவர்களில் யாருக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் வயலில் நாற்று நின்றது, ஏரியில் தண்ணீர் நின்றது, மதகுக்குள் இறங்க ஊர்த்தெருவில் ஒரு கால் கிடையாது. அது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

மண்வெட்டி தரையில் கிடந்தது. ஊர்த்தெரு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வயல் காய்கிறதே என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். தரையில் போட்ட மண்வெட்டியைச் சேரியான் அல்லவா எடுக்க வேண்டும்? நாம் குனிந்தால் நன்றாக இருக்குமா? பாலசுப்ரமணியன் ஏரியில் நாரை ஏதும் வந்திருக்கிறதா என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் உச்சிக்கு வந்தது. குடைக்காரன் கை மாற்றிக்கொண்டான். கடைசியில் கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தியை ஒரு கையால் தாங்கி, முக்கி முனகிக் குனிந்தார். சரிவில் நின்ற சேரி ஆட்கள், சிறுவர் முதல் கிழவர் வரை, அவருடைய பிடரியை அன்றுதான் பார்த்தார்கள். மண்வெட்டியை எடுத்து மதகுக் கல்தூணில் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு வாங்க, "கழுத்துல அடிபட்டவனாச்சே. குனிய வேணாம், அங்கேர்ந்து எடுத்துக்கோ" என்றார்.

இரக்கம் மறுபடியும் கைகொடுத்தது.

சடையன் நின்றபடியே மண்வெட்டியை எடுத்தான். மதகுக்குள் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாய்க்காலில் சலசலத்து ஓடியது. குப்பம்மா முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்ச வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில், உடல் ஊனமுற்றவனிடம் நம் ஊர் காட்டிய கருணையைப் பற்றிப் பாலசுப்ரமணியன் பேசினார். அதே நேரத்தில் கோதண்டராமன் வீட்டுக் கூடத்தில் அவர் மனைவி சாரதாம்பாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாமல் குனிந்ததில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. பதினைந்து நாள் அப்படியே கட்டிலில் கிடந்தார்.

அவரால் இனி வேலை செய்ய முடியுமா என்று பார்க்க மருதங்கரணையில் யாரும் கூட்டம் போடவில்லை. என்ன வேலை என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.