சுற்று வழி

கட்டிலைப் பிரிக்க வந்தவர்களை அவள் தடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும். இன்னைக்கு வேண்டாம்."

கழற்றிய திருகாணிகளை மறுபடி முடுக்கிவிட்டு அவர்கள் போனார்கள். தலைமாட்டில் அந்தப் பொத்தான் ஒட்டியபடியே இருந்தது, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அழுத்தினால் சமையலறையில் நீல விளக்கு எரியும். கம்பி கிடையாது. படுக்கையில் விழுவதற்கு முன் கணவர் தன் கையாலேயே செய்து வைத்த வேலை.

"பொத்தான் நடை விளக்குக்குச் சொல்லும், நடை விளக்கு சமையலறைக்குச் சொல்லும். காதோட காதா போற சேதி" என்பார். "மருந்து வில்லை மாதிரி ஒரு பேட்டரி, ரெண்டு வருஷம் வரும். எப்பவும் தூங்கும், தொட்டா மட்டும் முழிக்கும்."

"தொட்டா முழிக்குமா? அப்ப உங்களைவிடத் தேவலை" என்பாள் அவள்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு சண்டை. பகலில் விளக்கு எதற்கு என்று அவள் கை தானாகப் போய் நடை விளக்கைச் சுவரிலேயே அணைத்துவிடும். "அடியே, அது எரியலைன்னாலும் முழிச்சிருக்கணும்டி. நீ சுவிட்சை அமுக்கினா செத்துப் போயிடும்" என்று உள்ளிருந்து கத்துவார்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கும் கை போயிற்று. கத்தல் வரவில்லை; தூங்குகிறார் என்று நினைத்தாள். பத்து மணிவரை சமையலறையை விட்டு அவள் நகரவில்லை. நீல விளக்கு எரியவில்லை. வெந்நீர் கொண்டு போனபோது அவர் இல்லை.

கூப்பிட்டிருப்பாரோ? அழுத்தி அழுத்திப் பார்த்திருப்பாரோ? அடக்கம் முடிந்து திரும்பியும், தோளைத் தொட்ட ஒவ்வொரு கையின்கீழும் அது ஒன்றே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கணவரின் தொழில் கூட்டாளியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நடை விளக்கு அணைஞ்சிருந்தா சேதி போகுமா?"

அவர் உள்ளே வந்து அலமாரியை லேசாக நகர்த்தினார். பின்னால் சுவரில் செருகியபடி சின்ன வெள்ளைப் பெட்டி, மேலே தூசி.

"ஒரு வழி அடைச்சா இன்னொரு வழியா போகும் அண்ணி. போன மாசம் அண்ணன் சொல்லி நான்தான் இதைச் செருகினேன். 'அவ கையை மாத்த முடியாதுடா, நாம வழியை மாத்திடுவோம்'னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"ஏனாம்?"

"சொன்னா அப்புறம் சண்டை போட என்ன இருக்குன்னு சிரிச்சாரு."

அவர் போனபின் வீடு தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் அமைதியாயிற்று. சாயங்கால வெயில் சுவரில் மெல்ல அசைந்தது. நடைக்குப் போய்ப் பார்த்தாள். சுவிட்ச் நேற்று அவள் அணைத்தபடியே இருந்தது. தொடாமல் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

பொத்தானை அழுத்தினாள்.

எங்கோ ஒன்று கண் விழித்து, தூசி படிந்த பெட்டியின் காதில் ஏதோ சொல்லி, அவள் அணைத்த விளக்கைச் சுற்றிக்கொண்டு நடந்து போவதை அவளால் கேட்க முடியும்போல் இருந்தது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கையின் குரல் வந்தது. "அக்கா, விளக்கு எரியுது பாரு! அத்தான் கூப்—"

பாத்திரச் சத்தம் நின்றது.

நடையின் மங்கலான தரையில் நீல வெளிச்சம் ஒரு கோடாக நீண்டு கிடந்தது. அவள் விரல் இன்னும் பொத்தான்மேல் இருந்தது.